இரண்டு வருஷம் கழித்து நம் அணி எங்கே நிற்கும்?

ஐஸ் ஹாக்கி பார்க்கிற நாங்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் ஒரே சண்டையில்தான் வந்து நிற்கும். கையில் முதல் சுற்று டிராஃப்ட் பிக், அதாவது புதுப் பையன் ஒருவனை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுக்கிற உரிமை, இருக்கிறது. எதிரே முப்பதை நெருங்கும், பேர் வாங்கிய ஒரு டிஃபென்ஸ்மேன் (தடுப்பாட்டக்காரர்). பிக்கைக் கொடுத்து அவரை வாங்கலாமா, கூடாதா? போன வாரமும் இதே சண்டை, ராத்திரி பதினொன்றரை வரைக்கும் ஓடியது. அங்கே பாதியில் விட்டதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும். என்.எச்.எல். என்கிற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகில், போன சீசனில் பட்டியலின் அடியில் கிடந்த அணிகளுக்குத்தான் புதுப் பையன்களை எடுப்பதில் முதல் உரிமை. குலுக்கல் ஒன்று நடக்கும், அதில் வரிசை கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். இந்த உரிமையை அடுத்த வருஷத்துக்கோ அதற்கடுத்த வருஷத்துக்கோ முன்கூட்டியே விற்றும் விடலாம். வம்பே அதில்தான்.

2018 செப்டம்பரில் எங்கள் ஒட்டாவா செனட்டர்ஸ் எரிக் கார்ல்சனை சான் ஹோசே ஷார்க்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு நான் யாரோடும் பேசவில்லை. 2008 டிராஃப்டில் 15ஆவது ஆளாக எடுத்து, எங்கள் கண் முன்னால் வளர்ந்து, 2012லும் 2015லும் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் விருது வாங்கியவர். 2017 பிளேஆஃபில் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் ஏழு ஆட்டம்) குதிகால் எலும்பில் விரிசலோடு விளையாடி, பிட்ஸ்பர்க்குக்கு எதிராக ஏழாவது ஆட்டத்தின் இரண்டாவது ஓவர்டைம் வரைக்கும் அணியை இழுத்துக்கொண்டு போனவர். அவருக்குப் பதிலாக வந்தது டியர்னி, டிமெலோ, நோரிஸ், பால்சர்ஸ் என்று நாலு பேரும் சில பிக்குகளும். ஷார்க்ஸ் அந்த சீசனில் பிளேஆஃபுக்குப் போனால் 2020இன் முதல் சுற்றுப் பிக் எங்களுக்கு என்பது அதில் ஒரு நிபந்தனை. அந்த வரியை அன்றைக்கு நாங்கள் யாரும் சட்டை செய்யவில்லை. சான் ஹோசே அப்போது பலமான அணி, எப்படியும் இருபதுக்கு மேல் ஏதோ ஒரு எண் வரும் என்றுதான் நினைத்தோம்.

முதல் வருஷம் அவர்கள் கணக்கு சரியாகத்தான் போனது. கார்ல்சன் இடுப்புக்கீழ்த் தசைக் காயத்தால் 53 ஆட்டம்தான் ஆடினார், ஆனாலும் 45 புள்ளி (போட்ட கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்ந்த கணக்கு). அணி மேற்குப் பிரிவு இறுதிவரை போய் செயின்ட் லூயிஸிடம் ஆறு ஆட்டத்தில் தோற்றது. ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சனால் இறங்கவே முடியவில்லை. அடுத்த மாதமே எட்டு வருஷத்துக்கு 92 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள், வருஷத்துக்கு 11.5 மில்லியன். அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பே அப்போது 81.5 மில்லியன்தான். ஏழில் ஒரு பங்கு ஒரே ஆளுக்குப் போனால் மற்றவர்களுக்கு எங்கிருந்து கொடுப்பது? முந்தின சீசனில் 38 கோல் போட்ட கேப்டன் பவெல்ஸ்கி டாலஸுக்குப் போய்விட்டார். 2019-20இல் ஷார்க்ஸ் மேற்கில் கடைசி, மொத்த லீகில் கடைசியிலிருந்து மூன்றாவது.

அந்தப் பிக் மூன்றாவது இடத்தில் வந்து விழுந்தது, எங்கள் கையில். மான்ஹைமில் ஆடிக்கொண்டிருந்த 18 வயது ஜெர்மன் பையன் டிம் ஸ்டூட்ஸ்லேயை எடுத்தோம். கொரோனா காரணமாக டிராஃப்ட் முழுக்க ஆன்லைனில் நடந்த வருஷம் அது. டி.வி. வினாடி வினா நடத்திய அலெக்ஸ் டிரெபெக் வீடியோவில் வந்து அவன் பேரைச் சொன்னது எனக்கு இப்போதும் அப்படியே நினைவிருக்கிறது. 2022-23இல் அவன் 39 கோல், 90 புள்ளி. இத்தனைக்கும் புதுப் பையன்களின் முதல் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அப்போது அடிப்படைச் சம்பளம் ஒரு மில்லியன் டாலரைத் தொடவில்லை. மிச்சமாகிற அந்தப் பணத்தில் அணி இன்னும் இரண்டு மூன்று பேரை வாங்கலாம். பிக்கின் மதிப்பைப் பேசுகிறவர்கள் பையனின் திறமையைப் பற்றியே பேசுகிறார்கள், இந்த மலிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கார்ல்சன் மோசமாக ஆடினார் என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். ஸ்டூட்ஸ்லே 90 புள்ளி எடுத்த அதே சீசனில் அவர் 101 புள்ளி எடுத்தார். 1991-92இல் பிரையன் லீட்சுக்குப் பிறகு ஒரு டிஃபென்ஸ்மேன் நூறைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மூன்றாவது நாரிஸ் விருதும் கிடைத்தது. ஷார்க்ஸோ அப்போதும் பட்டியலின் அடியில்தான் கிடந்தார்கள். ஆளை எடைபோட்டதில் அவர்கள் தப்புப் பண்ணவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் தாங்கள் எங்கே இருப்போம் என்பதில்தான் கோட்டை விட்டார்கள், அதற்குப் பாதுகாப்பாக ஒரு நிபந்தனைகூட ஒப்பந்தத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

என் நண்பர் உடனே பிராங்கரைக் கொண்டுவருவார். நியாயம்தான். 2006இல் ஆனஹைம் டக்ஸ், 31 வயது கிறிஸ் பிராங்கருக்காக எட்மன்டனுக்கு லூபுல், ஸ்மிட் என்ற இரண்டு இளைஞர்களோடு முதல் சுற்றுப் பிக்குகளையும் கொடுத்தார்கள். அடுத்த ஜூனில் லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை அவர்கள் கையில். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கோப்பை ஜெயித்ததால் அவர்களுடைய 2007 பிக் முப்பதாவது, அந்தச் சுற்றிலேயே கடைசி. ஜெயிக்கிற அணிக்கு விலை தானாகவே குறைந்துவிடுகிறது. ஏற்கெனவே நீடர்மயர் என்ற பெரிய டிஃபென்ஸ்மேன் இருந்த அணி, ஒரு ஆள்தான் குறை, அந்த ஒரு ஆளை வாங்கினார்கள். நான் ஆனஹைமில் இருந்திருந்தாலும் கொடுத்திருப்பேன்.

பிராங்கர் பேச்சு வந்தால் 1993ஐயும் சொல்லாமல் இருக்க முடியாது, ஒட்டாவாக்காரனாக எனக்கு அது வலிக்கும். அந்த டிராஃப்டில் முதல் பிக் எங்களுடையது. நாங்கள் எடுத்தது அலெக்சாந்தர் டேக், எதிர்பார்த்த அளவுக்கு அவர் சோபிக்கவில்லை. இரண்டாவதாக ஹார்ட்ஃபோர்ட் எடுத்தவர்தான் பிராங்கர். முதல் எண்ணே இப்படி ஏமாற்றும் என்றால் 15, 16 எல்லாம் எந்த மூலைக்கு? 2015இல் பாஸ்டன் 13, 14, 15 என்று வரிசையாக மூன்று பிக் வைத்திருந்தது. அவர்கள் எடுத்து முடித்தபின், பின்னாளில் நட்சத்திரங்களான மேத்யூ பார்சல் 16இலும் கைல் கானர் 17இலும் போனார்கள். ஆகவே பிக் என்றாலே பொன் என்று நான் சொல்ல வரவில்லை.

சரி, நான் மேனேஜராக இருந்தால் என்ன செய்வேன்? கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கிற வருஷத்தில், அந்த வருஷத்துப் பிக்கை, அது இருபதுக்கு மேல் வரும் என்று தெரிந்தபின் தாராளமாகக் கொடுப்பேன். அடுத்தடுத்த வருஷத்துப் பிக் என்றால், முதல் பத்துக்குள் வந்தால் என்னிடமே இருக்கும் என்று எழுதி வாங்காமல் கொடுக்க மாட்டேன். முதல் ஐந்துக்குள் ஒரு பிக் கையில் வந்துவிட்டால், 28 தாண்டிய டிஃபென்ஸ்மேன் யாராக இருந்தாலும் வேண்டாம். இடுப்பு, முழங்கால், தோள் எல்லாம் வருஷக்கணக்கில் அடி வாங்கியிருக்கும் வயது அது. ஒப்பந்தத்தின் பின்பாதி அணியின் கழுத்தில் கல்லாகத் தொங்கும்.

இந்த வழியில் கஷ்டம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கார்ல்சன் போன பிறகு எத்தனை குளிர்காலம் கனாட்டாவில் இருக்கிற எங்கள் அரங்கில் பாதி காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன். 2017க்குப் பிறகு 2025இல்தான் மறுபடி பிளேஆஃப் பார்த்தோம், நடுவில் ஏழு சீசன். டொராண்டோவிடம் ஆறு ஆட்டத்தில் தோற்றோம், அப்புறம்கூட வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த 2020 டிராஃப்டில் எங்கள் சொந்தப் பிக்கில், ஐந்தாவதாக, ஜேக் சாண்டர்சனை எடுத்தோம். டிஃபென்ஸ்மேன். இன்றைக்கு அணியின் முதுகெலும்பே அவன்தான். அவனுடைய எட்டு வருஷ ஒப்பந்தம் 2032இல் முடிகிறபோது அவனுக்கு முப்பது ஆகும். அது நெருங்கும்போது ஏதாவது ஒரு அணி பாதுகாப்பு நிபந்தனை எதுவும் இல்லாத முதல் சுற்றுப் பிக்கோடு வந்து நின்றால், எனக்கு மனசே வராது, வீட்டில் பிள்ளைகள் அழுவார்கள், இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் இதே பக்கத்தில் எழுதுவேன்.