751 தாலாஸ் போர் பற்றி ஒரு திருத்தம்

மேலே ஒருவர், 751-ல் மத்திய ஆசியாவில் தாங் வம்சச் சீனர்களுக்கும் அரபுகளுக்கும் நடந்த தாலாஸ் போரில் பிடிபட்ட சீனர்கள்தான் காகிதத் தொழிலை அரபு உலகுக்குக் கொடுத்தார்கள், அந்தத் தோல்வியோடு மத்திய ஆசியாவில் சீன ஆதிக்கம் முடிந்தது என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே அப்படியே ஏற்கக்கூடியவை அல்ல.

முதலில் காகிதம். சமர்கண்ட் பகுதியின் சோக்டிய வணிகர்கள் 4-ஆம் நூற்றாண்டிலேயே காகிதத்தில் கடிதம் எழுதியவர்கள். மேற்குச் சீனாவின் துன்ஹுவாங் அருகே ஒரு காவல் கோபுரத்தில் அவை கிடைத்தன. கைதிகள் கதையை நமக்குச் சொல்பவர் அல் தஆலிபி என்ற எழுத்தாளர், அவர் 11-ஆம் நூற்றாண்டுக்காரர். ஆனால் அதே போரில் பிடிபட்டு, 762-ல் கடல்வழியாக நாடு திரும்பிய து ஹுவான் என்ற சீனர், ஈராக்கின் கூஃபா நகரில் தான் கண்ட சீன நெசவாளர்களையும் ஓவியர்களையும் பொற்கொல்லர்களையும் குறிப்பிடுகிறார். காகிதம் செய்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சில கைதிகளுக்கு அந்தத் தொழில் தெரிந்திருக்கலாம், சரி. ஆனால் காகிதம் வந்த கதையை ஒரே போரில் அடக்க முடியாது.

அப்புறம் ஆதிக்கம். சீனத் தளபதி காவோ சியான்சி தோற்றது உண்மை. கார்லுக்குகள் என்ற துருக்கிய இனத்தவர் நடுவில் கட்சி மாறியதுதான் அவரைக் கவிழ்த்தது. ஆனாலும் 753-லேயே தாங் படை பால்டிஸ்தான் பக்கம் வென்றது. மேற்குப் படைகளைத் திரும்ப அழைக்க வைத்தது 755-ல் சீனாவுக்குள்ளேயே வெடித்த, அன் லூஷான் என்ற தளபதியின் கலகம். அந்த இடைவெளியில் மெல்ல நுழைந்தவர்கள் திபெத்தியர்கள், அரபுகள் அல்ல.

751-ல் நிஜமாகவே ஓர் ஆட்சி முடிந்த இடம் வேண்டுமென்றால் இத்தாலியைப் பாருங்கள்: ரவென்னா நகரம் லொம்பார்டுகள் என்ற ஜெர்மானிய இனத்தவரிடம் விழுந்தது, அங்கிருந்த பைசாந்தியப் பேரரசின் (கிழக்கு ரோமப் பேரரசு) ஆளுநர் பதவியே போனது.