நூற்றொன்றாவது கிலோமீட்டரில் ஒரு ஃபின்லாந்துத் தளபதி

ஐ.நா. அமைதிப் படை என்றாலே கைகட்டி வேடிக்கை பார்ப்பவர்கள் என்று சொல்லிவிடுகிறோம். ஃபின்லாந்துத் தளபதி என்சியோ சிலாஸ்வுவோவின் பணியை அறிந்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

1922இல் பிறந்த அவர், ஃபின்லாந்துமீது சோவியத் யூனியன் தொடுத்த குளிர்காலப் போரின்போது சுவோமுஸ்ஸால்மியில் சோவியத் டிவிஷன்கள் இரண்டை முறியடித்த யால்மர் சிலாஸ்வுவோவின் மகன். தாமும் இரண்டாம் உலகப் போரில் களம் கண்டவர். அதன் பிறகு சூயஸ், லெபனான், பாலஸ்தீனம், சைப்ரஸ் என அவருடைய வாழ்க்கை ஐ.நா. பணிகளிலேயே கழிந்தது. (அவர் சைப்ரஸில் இருந்தபோது அங்கிருந்த ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கியவர் நம் ஜெனரல் திம்மையா.)

எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலுடன் மோதிய 1973 அக்டோபர் போரின் முடிவில், எகிப்தின் மூன்றாவது படை சூயஸ் கால்வாயின் கிழக்குக் கரையில் இஸ்ரேலியரின் முற்றுகைக்குள் சிக்கித் தவித்தது. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அக்டோபர் 25ஆம் தேதி புதிய அமைதிப் படையை அமைக்கத் தீர்மானித்ததும், ஜெருசலேமில் ஐ.நா. போர்நிறுத்தக் கண்காணிப்பு அமைப்பின் தலைவராக இருந்த சிலாஸ்வுவோவிடமே அதன் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. சைப்ரஸிலிருந்த ஐ.நா. வீரர்கள் மறுநாளே கெய்ரோவில் வந்து இறங்கினார்கள். கெய்ரோ–சூயஸ் சாலையின் 101ஆவது கிலோமீட்டரில் போடப்பட்ட கூடாரத்தில் எகிப்தின் ஜெனரல் கமாசியும் இஸ்ரேலின் ஜெனரல் யாரிவும் பேசினார்கள். முற்றுகையிலிருந்த படைக்கும் சூயஸ் நகருக்கும் உணவு, குடிநீர், மருந்து போவதற்கும், போர்க் கைதிகளைப் பரிமாறுவதற்கும் வழிசெய்த ஆறு அம்ச உடன்பாடு, நவம்பர் 11ஆம் தேதி சிலாஸ்வுவோ முன்னிலையில் கையெழுத்தானது. அந்தச் சாலையில் ஐ.நா. சோதனைச் சாவடி அமைக்கப் போன ஃபின்லாந்து வீரர்களுக்கும் இஸ்ரேலிய வீரர்களுக்கும் கைகலப்பே மூண்டது. ஆனாலும் துப்பாக்கி வெடிக்கவில்லை. சுடத் தெரிந்தவர்கள் சுடாமல் நின்ற அந்த உறுதியை வீரம் என்றே நான் சொல்வேன். 1974 ஜனவரி 18 அன்று இரு நாட்டுப் படைகளையும் விலக்கி நிறுத்தும் படைவிலக்க ஒப்பந்தத்துக்கும் சிலாஸ்வுவோவே சாட்சியாகக் கையொப்பமிட்டார்.

வரலாறு, பேச்சுவார்த்தைக்காக ஓடியாடிய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கரின் பெயரை மட்டும் பெரிதாக எழுதுவது எனக்கு வருத்தம் தருகிறது. வல்லரசுகளின் அழுத்தம் இல்லாமல் அந்த உடன்பாடு பிறந்திருக்காது. ஆனால் இன்ன கோட்டில் இன்ன படை நிற்க வேண்டும், தண்ணீர் லாரி எந்தச் சாவடி வழியே போக வேண்டும் என்று இரு தரப்பையும் இணங்கவைக்கும் பொறுமை, இருவருமே நம்பிய ஒரு ராணுவ அதிகாரியிடம்தான் இருந்தது. மன்றம் துணை நிற்காத இடத்தில் இதே பணி தோற்றும்போகிறது: 1994இல் ருவாண்டா இனப்படுகொலையின்போது கூடுதல் படை கேட்ட ஐ.நா. தளபதி டலேருக்கு, இருந்த படையையும் குறைத்தார்கள். அந்தப் பழி நீலத் தொப்பி அணிந்த அமைதிப் படையினரைவிட, நியூயார்க்கில் மன்றத்தில் வாக்களித்தவர்களையே அதிகம் சேரும்.

சிலாஸ்வுவோ 1975 முதல் 1979 வரை மேற்கு ஆசியாவின் ஐ.நா. அமைதிப் பணிகள் அனைத்தையும் ஒருங்கிணைத்தார். எகிப்தும் இஸ்ரேலும் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்ட அதே 1979இல், சினாயில் 1973இல் அமைத்த அந்தப் படையின் பணியும் முடிவுக்கு வந்தது.