ஒரே மாடு, மூன்று கொட்டகை

எட்டாவது படிக்கும்போதே கடன் விண்ணப்பம் எழுதிப் பழகியவள் நான். அம்மா எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு ஊக்குநர், அதாவது தலைவி மாதிரி. படிவத்தில் 'கடனின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கும். யாரைக் கேட்டாலும் "கறவை மாடுன்னு எழுதும்மா" என்பார்கள். எழுதிவிடுவேன். ஆய்வுக்கு அதிகாரி வந்த அன்று, பக்கத்து வீட்டு அத்தையின் செவலை மாடு மூன்று கொட்டகையில் மாறி மாறி நின்றது. மூன்றாவது வீட்டில், இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்பதுபோல அவரைப் பார்த்தது.

பணம் எங்கே போனது? அத்தைக்கு அடகில் இருந்த தோடு. இன்னொரு அக்காவுக்கு, மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கிய பழைய பாக்கி. இதைக் கூட்டம் போட்டு 'கடனைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள்' என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி கட்டியவளுக்கு, குழு மூலம் வந்த கடனில் வருஷத்துக்கே பன்னிரண்டு கட்டினால் போதும் என்றானது. எந்த மாடு அவ்வளவு கறக்கும்? பழைய கடனை அடைக்க என்று எழுதப் படிவத்தில் இடம் இல்லாததால் நாங்கள் பொய் எழுதினோம், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கின. 1992-ல் நபார்டு என்ற தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி, குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் திட்டத்தைச் சோதனையாகக் கொண்டுவந்தது. ஏற்பாடு எளிமையானது. முதலில் நீங்களே சேமியுங்கள், உங்களுக்குள் கொடுத்து வாங்கிப் பழகுங்கள், கணக்கு எழுதுங்கள், பிறகு வங்கிக்கு வாருங்கள். எங்கள் குழுவில் மாதச் சந்தா 20 ரூபாய். உள்கடனுக்கு நூற்றுக்கு இரண்டு வட்டி. அந்த வட்டியும் குழுவுக்கே திரும்பும். தீர்மான நோட்டில் ஏறாமல் ஒரு ரூபாய் நகராது. ஒருமுறை அம்மா கேட்ட கடனையே தள்ளிப்போட்டார்கள். "ஊக்குநர்னா வரிசை கிடையாதா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டாள். அதிகாரம் என்று எதையாவது சொல்வதென்றால் நான் அந்தத் திண்ணைச் சண்டையைத்தான் சொல்வேன்.

2021-லிருந்து ஒரு குழு 20 லட்சம் ரூபாய் வரை பிணையில்லாமல் கடன் வாங்கலாம். நல்லதுதான். ஆனால் எங்கள் ஊரில் இப்போது கடன் வரும் மாதம் மட்டும்தான் கூட்டம். நோட்டை யாரோ ஒருவர் மொத்தமாக எழுதி முடிக்கிறார். இத்தனை கோடி வழங்கினோம் என்ற கணக்கு மட்டும் வருஷா வருஷம் ஏறுகிறது. பணத்தை யார் செலவழித்தார், தவணையை யார் கட்டினார் என்று கேட்க ஆளில்லை. போன வருஷம் அம்மாவோடு ஒரு வங்கிக்குப் போனேன். மேலாளர் முதலில் கேட்டது, "வீட்டுக்காரர் வரலையா?"

பிணையில்லாக் கடன் ஏன் தேவைப்படுகிறது? பிணை வைக்கப் பெண்ணின் பேரில் எதுவும் இல்லை. சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியதும் அதே 1989-ல்தான். குழு ஊர் ஊராகப் பரவியது. பங்கு அப்படிப் பரவவில்லை. பட்டா அப்பா பேரிலிருந்து நேராக அண்ணன் பேருக்குப் போகிறது; தங்கை, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழுக் கடனுக்கு வரிசையில் நிற்கிறாள்.

அந்தச் செவலை மாட்டு அத்தை இப்போது ஏழாவது கடனில் இருக்கிறார். இந்தத் தடவை நிஜமாகவே இரண்டு மாடு வாங்கிக் கட்டியிருக்கிறார். கட்டியிருக்கும் இடம் கொழுந்தன் பேரில்.