ரிசர்வ் என்றால் வங்கியில் கிடக்கும் பணமா?

'ஒரு கம்பெனிக்கு 500 கோடி ரிசர்வ் இருக்கிறது என்றால், அவ்வளவும் வங்கியில் சும்மா கிடக்கிறது' என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

ரிசர்வ் என்பது பெரும்பாலும் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட பழைய லாபத்தின் கணக்கு. அந்தப் பணம் எப்போதோ இயந்திரமாகவோ, கிடங்குச் சரக்காகவோ, வாடிக்கையாளரிடமிருந்து இன்னும் வரவேண்டிய பாக்கியாகவோ மாறியிருக்கலாம். 40 கோடி லாபம் சம்பாதித்து, அதை அப்படியே கொடுத்து இயந்திரம் வாங்கினால்? ரிசர்வ் குறையாது, அந்தக் காசு மட்டும் கையில் இருக்காது. நிலத்தை மறுமதிப்பீடு செய்து, கணக்கில் அதன் மதிப்பை உயர்த்தி எழுதினாலும் ரிசர்வ் ஏறும், ஒரு காசுகூட உள்ளே வராமலே!

சரி, ரொக்கம் எவ்வளவு? கம்பெனியின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்), சொத்துகள் பகுதியில் 'ரொக்கமும் வங்கி இருப்பும்' என்ற வரியைப் பாருங்கள். அப்புறம், பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று காட்டும் பணப்பாய்வு அறிக்கையையும் பாருங்கள்.