கியாப் தள்ளிவைத்த தாக்குதல்

பிரெஞ்சு ஆதிக்கத்துக்கு எதிரான வியட்நாம் விடுதலைப் போரைப் பற்றி யார் எழுதினாலும், தியன் பியன் பூ என்ற பிரெஞ்சுக் கோட்டை வீழ்ந்த 1954 மே 7 அன்றுதான் வந்து நிற்கிறார்கள். அந்தப் போரின் முடிவு அதற்கு நூறு நாள் முன்பே, நடக்கவிருந்த ஒரு தாக்குதல் நிறுத்தப்பட்ட ஜனவரி 26 அன்றே தீர்மானமாகிவிட்டது என்பது என் உறுதியான கருத்து.

லாவோஸ் எல்லையை ஒட்டிய தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் 1953 நவம்பரில் பிரெஞ்சுப் படை பாராசூட்டில் இறங்கி, விமான ஓடுதளத்தைச் சுற்றி அரண் அமைத்தது. 1952இல் வடமேற்கு வியட்நாமின் நா சானில் இதே முறையில் வியட்நாம் விடுதலைப் படைத் தளபதி கியாப்பை முறியடித்திருந்ததால், இங்கும் வெல்லலாம் என்று அவர்கள் நம்பினார்கள். கியாப்பின் வீரர்களோ, இரண்டு டன்னுக்கும் அதிக எடையுள்ள பீரங்கிகளைக் கயிறு கட்டி மலைமேல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். விரைவாகத் தாக்கி விரைவாக முடிப்பது என்ற திட்டம் தோற்றுவிடும் என்று உணர்ந்த கியாப், அத்தனை பாடுபட்டு ஏற்றியவற்றைத் திரும்ப இறக்கச் சொன்னார். தம் வாழ்வின் மிகக் கடினமான முடிவு அதுவே என்று பின்னாளில் அவரே கூறினார்.

அடுத்த ஆறு வாரங்களை நாம் போதிய அளவு பேசுவதில்லை. சீனா ஆயுதம் தந்தது உண்மை. ஆனால் அரிசியையும் குண்டுகளையும் களத்துக்குக் கொண்டுசேர்த்ததில் பெரும்பங்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சுமைதூக்கிகளுடையது. சைக்கிளின் கைப்பிடியில் ஒரு மூங்கில் கழியை நீட்டிக் கட்டி, இருக்கைக்குப் பின்னால் இன்னொன்றைச் செங்குத்தாகச் செருகி, இருநூறு கிலோவுக்கும் மேல் ஏற்றி, ஓட்டாமல் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். வெறும் ஆவேசத்தால் வென்றார்கள் என்று சொல்வது இந்த உழைப்பை அவமதிப்பதாகும்.

மார்ச் 13 அன்று மலைச்சரிவுகளில் குடைந்து மறைக்கப்பட்டிருந்த பீரங்கிகள் முழங்கின. முதல் அரண் அன்றிரவே விழுந்தது. எதிரியின் பீரங்கிகளை அடக்கிவிடலாம் என்று உறுதி கூறியிருந்த பிரெஞ்சு பீரங்கிப் படைத் தலைவர் பிரோத் இரண்டே நாளில் தற்கொலை செய்துகொண்டார். மாத இறுதிக்குள் ஓடுதளம் பயனற்றுப்போனது. குன்றுகளில் நேரடியாக மோதி ஆயிரக்கணக்கானோரை இழந்த பிறகு, கியாப் மறுபடியும் வேகத்தைக் குறைத்துப் பதுங்குகுழிகளை அங்குலம் அங்குலமாக முன்னே நகர்த்தினார். விடாமல் எதிர்த்து நின்ற ஏ1 என்ற குன்றின் அடியில் சுரங்கம் தோண்டி, ஏறத்தாழ ஒரு டன் வெடிமருந்தை நிரப்பி, மே 6 இரவு வெடித்தார்கள். மறுநாள் மாலை கோட்டை வீழ்ந்தது. அந்த வெடிப்பின் பள்ளம் இன்றும் அந்தக் குன்றில் இருக்கிறது.