ஆறு தொட்டி வைத்திருக்கும் தம்பிக்கு

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தான். "அண்ணா, வீட்டில் ஆறு மீன் தொட்டி வச்சிருக்கேன். கப்பி, மோலி குட்டி போடுது, ஃபைட்டர் குஞ்சு பொரிக்குது. வேலையை விட்டுட்டு இதிலேயே இறங்கிடலாமா? மானியம் ஏதாவது கிடைக்குமா?" இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. இதே கேள்வியோடு நானும் ஒரு காலத்தில் அலைந்தவன். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

தம்பி, வேலையை இப்போது விடாதே. முதலில் ஒரு வண்ண மீன் பண்ணையில் ஒரு வருடம் கையாளாகப் போய் நில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாலும் சரி, சம்பளம் இல்லை என்றாலும் சரி. கடன், மானியம், சிமெண்ட் தொட்டி எல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் என்று உன் ஃபைட்டரை வைத்தே சொல்கிறேன். ஆண் மீன் நுரைக்கூடு கட்டுகிறது, பெண் முட்டை போடுகிறது, நீ பெண்ணை எடுத்து வேறு தொட்டியில் விடுகிறாய். ஒன்றிரண்டு நாளில் குஞ்சு. வீட்டில் அது ஒரு கொண்டாட்டம். ஒரு ஈட்டில் முந்நூறு குஞ்சு பிழைத்தது என்று வை. அதில் பாதி ஆண் என்றால், சண்டை போடும் வயது வந்ததும் ஒன்றையொன்று கடிக்காமல் இருக்க ஒவ்வொன்றையும் தனியாக விட வேண்டும், நூற்றைம்பது பாட்டில் வேண்டும். நூற்றைம்பது பாட்டிலுக்கும் தீனி, நூற்றைம்பதுக்கும் தண்ணீர் மாற்றம். இது ஒரு ஜோடியின் கணக்கு. பண்ணையில் இருபது ஜோடி இருக்கும். மீன் மேல் உள்ள ஆசை பத்தாவது பாட்டிலோடு களைத்துவிடுகிறதா, நூற்றைம்பதாவது பாட்டிலிலும் வாலைப் பார்த்து நிற்க வைக்கிறதா என்பதை அங்கே நின்றால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நான் 2014-இல் கொளத்தூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் சேர்ந்தேன். சென்னைக்காரர்களுக்குத் தெரியும், அந்தப் பகுதியில் மொட்டை மாடி, கொல்லைப்புறம் என்று எங்கே பார்த்தாலும் மீன் தொட்டிதான். பல வீடுகளில் பெண்கள்தான் தீனி போடுவது, தண்ணீர் மாற்றுவது, குஞ்சு பிரிப்பது எல்லாம். சமையலுக்கு நடுவே வந்து ஒரு தொட்டியைப் பார்த்துவிட்டு, "இது சரியில்ல, தண்ணிய மாத்து" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சோதனைக் குப்பியில், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைப் பார்த்தால் அதையேதான் காட்டும்.

சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு விடியற்காலை. மோலித் தொட்டியில் நாலைந்து மீன் மட்டும் துடுப்பை மடக்கிக்கொண்டு, இடம் விட்டு நகராமல் உடம்பை நெளித்துக்கொண்டிருந்தன. மற்றவை தீனிக்கு ஓடின. என் வீட்டுத் தொட்டி முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்ததால் அந்த நெளிவு எனக்குத் தெரிந்த நெளிவு. ஓனரிடம் ஓடினேன். அவர் தொட்டிக்குள் கையை விட்டார், முகர்ந்து பார்த்தார், பாதித் தண்ணீரை இறக்கச் சொன்னார். மறுநாள் காலை அந்த வரிசை முழுவதையும் என்னிடம் ஒப்படைத்தார். தம்பி, உன்னிடம் இருக்கும் மூலதனம் என்று நான் நினைப்பது அந்தக் கண்ணைத்தான். அதைச் சாதாரணமாக நினைத்துவிடாதே.

கண் மட்டும் இருந்தால் போதாது என்பதையும் அங்கேதான் பட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தொட்டிகளுக்கு மேலே தண்ணீர் போனது. ஓனர் மூன்று வருடமாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்த தாய் மீன்கள் ஒரே ராத்திரியில் இல்லாமல் போயின. ஓனர் மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. சொந்தச் சேமிப்பு எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டியவனுக்கு அந்த மூன்று நாளைத் தாண்டுவது மிகவும் கஷ்டம்.

மானியத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2020-இல் வந்த பிரதம மந்திரி மீன்வள திட்டத்தில் கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றுக்கு 3 லட்சம் ரூபாய் செலவு என்று கணக்கு வைத்து, அதில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம் என்று கொடுத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் முதலில் உன் பணத்தைப் போட வேண்டியிருக்கும், மானியம் பின்னால்தான் வரும். இப்போது என்ன நிலவரம் என்று மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேள். யூடியூபில் கேட்காதே. பயோஃப்ளாக் என்று ஒன்று, தொட்டியில் விடாமல் காற்றடித்து, மீன் கழிவை நுண்ணுயிர்களைக் கொண்டே தீனியாக மாற்றும் முறை. அதன் பயிற்சி ஒன்றில் பணம் கட்டி நானே ஏமாந்திருக்கிறேன். மாதம் இவ்வளவு வருமானம் என்று பலகையில் எழுதிக் காட்டினார்கள். கரண்ட் போனால் அந்தத் தொட்டியில் ஆக்சிஜன் எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தார்ப்பாய்த் தொட்டி வாங்கிய என் நண்பன் அதை ஒரே ராத்திரியில் தெரிந்துகொண்டான். இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

அப்புறம், வண்ண மீனோடு உலகம் முடிந்துவிடுவதில்லை. பிளஸ் டூவில் உயிரியல் படித்த தங்கை, தம்பி யாராவது வீட்டில் இருந்தால் நான்கு வருட மீன்வளப் பட்டப்படிப்பைப் பற்றிச் சொல். தூத்துக்குடிக் கல்லூரி 1977-இலிருந்து இருக்கிறது, நாகப்பட்டினத்தில் 2012-இலிருந்து பல்கலைக்கழகமே இருக்கிறது. மரக்காணம் பக்கம் கடற்கரையில் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் இருக்கின்றன. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் கொடுவா மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். அங்கே போனாலும் நீ வீட்டில் கற்ற பாடம்தான். மீன் கழிவு அம்மோனியா ஆகும், அதைப் பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், பிறகு நைட்ரேட்டாக்கும். குளத்தில் விடியற்காலையில்தான் ஆக்சிஜன் குறையும். தொட்டியின் அளவு மாறும், தண்ணீரின் குணம் மாறாது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பெரிதாகிவிட்டது என்று, தொட்டியில் பாசி தின்ன விடும் டேங்க் கிளீனர் மீனை ஏரியில் விடாதே, விடுபவர்களையும் தடு. நம் ஏரிகளில் வலை போடுகிறவர்களிடம் கேட்டுப் பார். முள்ளும் ஓடுமாக வலையைக் கிழித்துக்கொண்டு வருகிறது, சந்தையில் வாங்க ஆள் இல்லை. மீனை நேசிக்கிறேன் என்று சொல்லும் நாமே இதைச் செய்வது எனக்கு வலிக்கிறது.

வரும் ஞாயிறு எங்கள் பண்ணையில் ஏஞ்சல் மீன் குஞ்சு பிரிக்கிறோம், பெங்களூருக்கு ஒரு லோடு பேக்கிங்கும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவோடு தீனியை நிறுத்திவிடுவோம், பையில் தண்ணீர் கெடாமல் இருக்க. காலை ஐந்து மணிக்கு வந்துவிடு. மாற்றுத் துணி ஒன்று எடுத்து வா.