டீசல் மட்டுமா வீண்?

டிராக்டரை ஐடிலிங்கில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்படி) விட்டால் டீசல் மட்டும்தான் வீண் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அதை ஏற்க முடியவில்லை. கொடைக்கானல் மலையில் மன்னவனூர், பூம்பாறை, ஊட்டி அருகே நஞ்சநாடு பக்கம் பனிக்காலத்தில் கேரட் மூட்டை ஏற்றி முடியும்வரை இன்ஜினை அணைக்காமல் வைப்பது வழக்கம். இன்ஜினுக்கு அதுதான் கேடு.

லோடு இல்லாத இன்ஜின் சூடேறாது. சூடு குறைந்தால் டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசல் லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்ளுறை) சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே ஆயில் தேங்கும் சம்ப்புக்கு இறங்கும். ஆயில் நீர்த்துப்போகும், பேரிங் தேயும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்து டீசல் வாடையும் அடித்தால், அன்றே ஆயிலை மாற்றிவிடுங்கள். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நாசில் முனையில் கரி படியும். எரியாத டீசலும் கரியும் கலந்து சைலன்சர் ஜாயின்ட்டில் கறுப்பாக, பிசுபிசுப்பாகக் கசியும். ஊட்டி, கொடைக்கானல் இரண்டும் 2,000 மீட்டருக்கு மேல். காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் கரி இன்னும் கூடும்.

காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் போதும், பிறகு இலேசான லோடில் ஓட்டியே சூடேற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்பதானால் அணைத்துவிடலாம். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சாதனம்) உள்ள வண்டி மேடேறி வந்திருந்தால் மட்டும் மூன்று நிமிடம் ஐடிலிங்கில் விட்டுத்தான் அணைக்க வேண்டும். இல்லையென்றால் டர்போ பேரிங்கில் ஆயில் கருகும். ஏதாவது காரணத்தால் நின்றபடி இன்ஜின் ஓடியே ஆகவேண்டும் என்றால் கை ஆக்சிலேட்டரை 1,000–1,200 ஆர்பிஎம்முக்கு ஏற்றி வையுங்கள்.

இன்னொன்று, தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்கு நீர் போகாமல் தடுக்கும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கம். சமவெளியிலேயே தவறு, மலைக்குளிரில் இன்ஜின் சூடேறவே ஏறாது. உடனே புதிதாக மாட்டுங்கள்.